உள்ளறையும் பண்டகசாலையும்: ஊரடங்கின் காலம்பற்றிய பொதுக்கருத்து – ஒரு திறனாய்வு

முன்னுரை

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு நாட்டு மக்களிடம் பேசிய இந்தியத் தலைமை அமைச்சர், அன்று நள்ளிரவு முதல் இருபத்தொரு நாட்களுக்கு நாடு முழுவதும் ஊரடங்கு நிலவும் என்று அறிவித்தார். அறிவிப்புக்கும் நடைமுறைக்கும் இடையே நான்கு மணி நேரமே இருந்தது. தமிழ்நாட்டில் அன்று மாலை ஆறு மணிக்கே தடையாணை நடைமுறைக்கு வந்திருந்தது. பின்னர் 2023 மே 5ஆம் நாள், கொரோனாத் தொற்றினால் ஏற்பட்ட உலகளாவிய நெருக்கடிநிலை முடிவுற்றதாக உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. இவ்விரு நாட்களுக்கும் இடையே பிறந்த ஆணைகள் யாவும் இன்று காலாவதியாகிவிட்டன. அவற்றைப்பற்றி மக்கள் கொண்ட கருத்துகளோ காலாவதியாகவில்லை.

இக்கருத்துகளுள் பெரும்பாலானவை காலத்தைப் பற்றியவை. வேளை வருமுன்னரே பூட்டிவிட்டனர் என்பது ஒரு சாரார் கூற்று. வேளை கடந்த பின்னரே பூட்டினர் என்பது மற்றொரு சாரார் கூற்று. திறக்கவேண்டிய நாளில் திறக்கவில்லை என்பாரும், திறக்கலாகாத நாளில் திறந்தனர் என்பாரும் உளர். ஒரே மனிதர் 2020ஆம் ஆண்டைக் குறித்து ஒன்றும் 2021ஆம் ஆண்டைக் குறித்து வேறொன்றும் கூறுவதையும் நாம் கேட்டிருக்கிறோம்.

இவற்றைத் திருச்சபை ஏன் திறனாயவேண்டும் எனும் வினா எழலாம். காரணங்கள் இரண்டு. முதலாவது, இக்கருத்துகளை உடையோர் நம் சபையாரே. இரண்டாவது, அந்நாட்களில் நாமும் வாய்திறவாது இருந்துவிடவில்லை. ஆலயங்கள் பூட்டப்பட்டிருந்தனவேயன்றி அருளுரைகள் பூட்டப்படவில்லை. அவை கைப்பேசி வழியே இல்லந்தோறும் சென்றன. பொதுக்கருத்தை உருவாக்கியதில் நமக்கும் பங்குண்டு. எனவே இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது அரசின் ஆணையையும் மக்களின் கருத்தையும் மட்டுமன்று. நம் அருளுரையையும் ஆராய முற்படுகிறோம்.

நாம் கூற விரும்புவது இதுவே: ஊரடங்கு முந்தி வந்ததா, பிந்தி வந்ததா என்னும் வினா முழுமையான வினா அன்று. யாருடைய நேரத்தைக்கொண்டு அளக்கிறோம் என்பதே முன்னதாகக் கேட்கப்படவேண்டியது. இதனைப் பரமத்தி வேலூர்ப் பகுதியின் வாழ்வையும், திருமறையின் இரு பகுதிகளையும் அருகருகே வைத்துக் காண்போம்.

1. பொதுக்கருத்து என்னும் குரல்

பொதுக்கருத்து நிலையானதொரு பொருள் அன்று. 2020 மார்ச் 22ஆம் நாள் மக்கள் ஊரடங்கு என்ற பெயரில் ஒருநாள் அடைப்பு நடைபெற்றபோது, மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் மக்கள் வாயிலில் நின்று கைதட்டினர். ஏப்ரல் 5ஆம் நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடங்கள் விளக்கேற்றினர். அந்நாள் குருத்தோலை ஞாயிறு என்பதை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். ஓலை பிடித்துப் பவனி வரவேண்டிய மக்கள் வீட்டு வாசலில் விளக்கேந்தி நின்ற நாள் அது. அப்போது ஊரடங்கை ஐயுற்றோர் சிலரே. ஐயத்தை வெளியே சொன்னோர் அவரினும் சிலர்.

மே மாதத்தில் குரல் மாறிற்று. தமிழ்நாட்டில் மே 7ஆம் நாள் அரசு மதுக்கடைகள் திறக்கப்பட்டன. வழிபாட்டிடங்கள் மூடியிருக்க மதுக்கடை திறப்பது எவ்வகை முறை என்று எல்லாச் சமயத்தாரும் வினவினர். மறுநாளே சென்னை உயர்நீதிமன்றம் அக்கடைகளை மூட ஆணையிட்டது. மே 15ஆம் நாள் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. வழிபாட்டிடங்களோ, ஊராட்சிப் பகுதிகளிலுள்ள சிறியவை ஜூலை முதல் நாளிலும், பெரியவை செப்டம்பர் முதல் நாளிலுமே திறந்தன. எதனைத் திறப்பது அவசியம் என்பதில் அரசின் கணக்கு ஒன்றாகவும் மக்களின் கணக்கு வேறாகவும் இருந்ததை அக்கோடைக்காலம் வெளிப்படுத்தியது.

2021ஆம் ஆண்டில் குரல் நேர் எதிராகத் திரும்பிற்று. ஏப்ரல் 6ஆம் நாள் சட்டமன்றத் தேர்தல் முடியும்வரை பரப்புரைக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. இரவு ஊரடங்கு ஏப்ரல் 20ஆம் நாள் வந்தது. முழு ஊரடங்கு மே 10ஆம் நாளன்றுதான் வந்தது. மே மாத மூன்றாம் வாரத்தில் மாநிலத்தில் நாளொன்றுக்குத் தொற்றுக்குள்ளானோர் தொகை 36,000ஐத் தாண்டியது. முந்தைய ஆண்டில் பூட்டியதற்காகக் குறைகூறியவரே இவ்வாண்டில் பூட்டாததற்காகக் குறைகூறினர். இதனை முரண்பாடு என்று எள்ளுதல் எளிது. எனினும் இரு கூற்றிலும் உண்மை உண்டு. நாட்டில் ஏறக்குறைய 500 பேருக்கே தொற்று அறியப்பட்ட நாளில் நான்கு மணி நேர அறிவிப்பில் அனைத்தையும் நிறுத்தியதும், மருத்துவமனை வாயிலில் மூச்சுக்காற்றுக்காக மக்கள் காத்திருந்த நாள்வரை தயங்கி நின்றதும் ஒரே நாட்டில், பதினான்கு மாதங்களுக்குள் நிகழ்ந்தவையே.

ஆயினும் ஒரு குறை இவ்விரு கூற்றுக்கும் பொதுவானது. இரண்டும் நோயின் கடிகாரத்தை மட்டுமே நோக்கின. தொற்று எத்தனை பேருக்கு வந்தபோது பூட்டப்பட்டது என்பதே அளவுகோல். பூட்டப்பட்டவரின் வீட்டில் அன்றிரவு எத்தனை நாளுக்கு அரிசி இருந்தது என்பது அளவுகோலாகவில்லை. அதற்குக் காரணம், பொதுக்கருத்து என நாம் கேட்டது அரிசி உள்ளவரின் குரலே. கைதட்டல் மாடிகளிலிருந்தும் வாயில்களிலிருந்தும் கேட்டது. நெடுஞ்சாலையில் நடந்துகொண்டிருந்தவரின் கருத்தை எவரும் கேட்டு எழுதவில்லை.

2. வேலூரின் கடிகாரம்

நாமக்கல் மாவட்டத்தின் தென்னெல்லையில் காவிரிக்கரையில் உள்ளது பரமத்தி வேலூர். வாழைத்தோட்டமும் வெற்றிலைக் கொடிக்காலும் கரும்பும் தென்னையும் நிறைந்த ஊர்ப்பகுதி. பொத்தனூர், பாண்டமங்கலம், சேடர்பாளையம் என ஆற்றையும் வாய்க்காலையும் ஒட்டிய ஊர்களிலெல்லாம் மக்கள் வாழ்வு மண்ணின் நேரத்தைப் பின்பற்றியே நடைபெறுகிறது. வாழைத்தார் ஏலம், வெல்ல மண்டி, தேங்காய்ச் சந்தை ஆகிய யாவும் அதன் வழிப்பட்டவை. வடக்கே நாமக்கல் நகரைச் சூழக் கோழிப்பண்ணைகளும் லாரித் தொழிலும் உள்ளன.

இவ்வூரின் பொருள்கள் யாவும் காத்திருக்க மறுப்பவை. பூவனும் கற்பூரவள்ளியும் வெட்டவேண்டிய நாளில் வெட்டப்படாவிடில் மரத்திலேயே பழுத்து வெடிக்கும். வெற்றிலை கிள்ளவேண்டிய பருவத்தில் கிள்ளப்படாவிடில் முற்றிப்போகும்; கிள்ளிய கவுளி சில நாட்களில் அழுகும். கோழி ஊரடங்கை அறியாது. அது நாள்தோறும் முட்டையிடும், நாள்தோறும் தீவனம் கேட்கும். 2020 மார்ச் திங்களோ பங்குனி. திருமணமும் திருவிழாவும் மிகுந்து, வாழைக்கும் வெற்றிலைக்கும் விலையேறும் காலம். அவ்வேளையில் திருமணங்கள் தள்ளிவைக்கப்பட்டன, திருவிழாக்கள் நின்றன, சந்தை அடைந்தது. கோழியிறைச்சியாலும் முட்டையாலும் தொற்று பரவும் என்னும் வதந்தியால் பண்ணையாளர் முன்னரே நலிந்திருந்தனர். பள்ளிகள் மூடப்பட்டதால் சத்துணவுக்குச் சென்ற முட்டையும் நின்றது.

வேளாண்மைக்கு விலக்கு அளிக்கப்படவில்லையா எனக் கேட்கலாம். அளிக்கப்பட்டது. அறுவடைக்கும் விளைபொருள் சந்தைக்கும் வேளாண் தொழிலாளர் நடமாட்டத்திற்கும் விலக்களிக்கும் நடுவண் அரசின் திருத்த ஆணை மார்ச் 27ஆம் நாள் வந்தது. பூட்டு 24ஆம் நாள் நள்ளிரவில். சாவி 27ஆம் நாளில். ஏழைகளுக்கான உதவித்திட்டம் 26ஆம் நாள் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாடு அரசு அரிசி அட்டையுடைய குடும்பங்களுக்கு ஆயிரம் ரூபாயும் விலையில்லா உணவுப்பொருள்களும் வழங்க முன்வந்தமை பாராட்டற்குரியது. எனினும் முதலில் பூட்டிவிட்டு, பின்னர் உள்ளே இருப்போர் யாவர் எனக் கணக்கெடுத்த முறையே இங்கு நம் கவனத்திற்குரியது. அலுவலகத்தில் மூன்று நாள் என்பது ஒரு கோப்பின் பயணம். கொடிக்காலில் மூன்று நாள் என்பது ஒரு கிள்ளின் கூலி.

மற்றொரு நிகழ்ச்சியையும் இங்குக் குறிப்பிடவேண்டும். மகாராஷ்டிரத்தின் நாக்பூர்ப் பகுதியிலிருந்து, நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், தம் தோழர்களுடன் ஊர்நோக்கி நடந்து வந்தார். ஊர்தி இல்லை, தொடர்வண்டி இல்லை. ஏப்ரல் முதல் வாரத்தில் செகந்திராபாத்தில் தங்கவைக்கப்பட்ட இடத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. நாக்பூரிலிருந்து ஐதராபாத், பெங்களூரு, சேலம், நாமக்கல் வழியாகத் தெற்கே வரும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்து கரூருக்குச் செல்கிறது. அச்சாலையில் நம் ஊர் லாரிகள் முட்டையும் வாழையும் ஏற்றிச் சென்றன. அச்சாலையின் வழியே நம் ஊர்ப் பிள்ளை வீடு வந்து சேரவில்லை.

அவருக்கு ஊரடங்கு முந்தி வந்ததா, பிந்தி வந்ததா? வீடுசேர ஒரு வாரம் முந்தி அறிவித்திருந்தால் போதும் என்பதே அவருடைய கருத்தாய் இருந்திருக்கும். அக்கருத்து எந்தக் கணக்கெடுப்பிலும் இடம்பெறவில்லை.

3. நாம் வாசித்த வசனமும் வாசியாது விட்டதும்

அந்நாட்களில் தமிழ்ச் சபைகளில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட திருமறைப்பகுதிகளுள் ஒன்று ஏசாயா 26ஆம் அதிகாரத்தின் 20ஆம் வசனம். இறைமக்கள் தம் அறைக்குள் சென்று கதவைப் பூட்டிக்கொண்டு, சினம் கடந்துபோகுமட்டும் சிறிதுநேரம் ஒளிந்திருக்கவேண்டும் என்பது அதன் பொருள். ஊரடங்குக்கு இதனினும் பொருந்திய வசனம் வேறில்லை எனப் பலரும் எண்ணினர். சிலர் இதனைக் கொரோனாவைப் பற்றிய முன்னறிவிப்பு என்றே கூறினர். கதவு, பூட்டு, காத்திருத்தல் எனச் சொற்கள் அவ்வளவு நெருங்கி நின்றன.

சொற்கள் நெருங்குவதனால் பொருள் நெருங்கிவிடாது. அருளுரையாளர் மூன்று இடங்களில் தவறினர் என்பது எம் கருத்து. எம்மையும் சேர்த்தே இதனைக் கூறுகிறோம்.

முதலாவது, அறை என்னும் சொல். எபிரெய மூலத்தில் அது வீட்டின் உள்ளறையைக் குறிக்கிறது. செப்துவஜிந்து என்னும் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் 'தமெயியோன்' என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. மத்தேயு 6:6இல் உள்ளறைக்குள் சென்று கதவைப் பூட்டி வேண்டுதல் செய்யுமாறு ஆண்டவர் கூறுமிடத்தில் வருவதும் இச்சொல்லே. ஆனால் இச்சொல்லின் முதற்பொருள் பண்டகசாலை, சேமிப்பறை என்பது. லூக்கா 12:24இல் காகங்களுக்குப் பண்டகசாலையும் களஞ்சியமும் இல்லை என்று ஆண்டவர் கூறுமிடத்தில் இதே சொல் அப்பொருளில் வருகிறது. பழைய வீடுகளில் பொருளைச் சேமித்துவைக்கும் அறையே பூட்டக்கூடிய உள்ளறையாகவும் இருந்தது. ஆகவே உள்ளறைக்குள் செல்லுதல் என்பது, செல்வதற்கு உள்ளறையும், அவ்வறையில் சேமிப்பும் உள்ளவருக்கே எளிது. வேலூர்ப் பகுதிச் சபையில் வெற்றிலை கிள்ளிப் பிழைக்கும் தாய் ஒருவர், மூடுவதற்குக் கதவு உண்டு, உள்ளே வைத்துக்கொள்வதற்குத்தான் ஒன்றுமில்லை என்ற கருத்துப்படப் பின்னொரு நாள் எம்மிடம் கூறினார். அவர் கிரேக்கம் பயின்றவரல்லர். சொல்லின் இரு பொருளையும் அவர் வாழ்வு அறிந்திருந்தது.

இரண்டாவது, சிறிதுநேரம் என்னும் சொல். மூலத்தில் 'ரெகா' என்னும் சொல் கண்ணிமைப்பொழுதைச் சுட்டும். இறைவனின் சினம் நெடுநேரம் நில்லாது என்னும் ஆறுதலே அதன் உட்பொருள். நாமோ இருபத்தொரு நாட்களையும், அவை நீட்டப்பட்ட மே 31 வரையிலான அறுபத்தெட்டு நாட்களையும் சிறிதுநேரம் என்று அருளுரைத்தோம். மாதச் சம்பளம் பெறுவோருக்கு அது சிறிதுநேரமாய் இருந்திருக்கலாம். நாட்கூலி பெறுவோருக்கு அது அறுபத்தெட்டு வெறுங்கைகள். ஒருவருக்குச் சிறிதான காலம் எல்லோருக்கும் சிறிது என்று இறைவாக்கின் பெயரால் சொன்னது நம் பிழை.

மூன்றாவதும் மிகப் பெரியதுமான தவறு, 20ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டது. 21ஆம் வசனம் உடன் தொடர்வது. ஆண்டவர் தம் இடத்திலிருந்து புறப்பட்டு வருகிறார் என்றும், பூமி தான் உட்கொண்ட இரத்தத்தை வெளிப்படுத்தும் என்றும், கொலையுண்டோரை இனி மூடிவையாது என்றும் அது அறிவிக்கிறது. அஃதாவது, மக்கள் கதவை மூடிக்கொள்வது இறைவன் மூடப்பட்டவற்றைத் திறப்பதற்காகவே. உள்ளறை புகலிடமாவது நீதி நடைபெறும் வேளையில். நீதியைக் காணாதிருப்பதற்கான மறைவிடமாக அன்று. அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் கதவைத் திறக்குமாறு பாடல் ஒலிப்பதும், 6ஆம் வசனத்தில் உயர்ந்த நகரத்தை எளியவரின் கால்கள் மிதிப்பதாகக் கூறப்படுவதும் தற்செயலாக அமைந்தவை அல்ல. எளியோரின் கால்களைச் சொல்லி, பூட்டிய அறையைச் சொல்லி, மறைக்கப்பட்ட இரத்தத்தைச் சொல்லி முடிகிற ஓர் அதிகாரத்திலிருந்து அறையை மட்டும் எடுத்துக்கொண்டு கால்களையும் இரத்தத்தையும் விட்டுவிட்டோம்.

அக்கால்கள் அப்போது நடந்துகொண்டிருந்தன. மே 8ஆம் நாள் ஔரங்காபாத் அருகே இருப்புப்பாதையில் களைத்து உறங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு வண்டியில் அரைபட்டு மாண்டனர். செப்டம்பர் 14ஆம் நாள் நாடாளுமன்றத்தில், ஊரடங்கின்போது இறந்த புலம்பெயர் தொழிலாளர் பற்றிய விவரம் தன்னிடம் இல்லை என அரசு விடையளித்தது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் பெருந்தொற்றின் விளைவாக இந்தியாவில் நேர்ந்த மிகை இறப்புகள் ஏறக்குறைய 47 இலட்சம் என 2022 மே மாதத்தில் உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அரசு பதிவுசெய்த தொகை 5 இலட்சத்திற்கும் குறைவு. அம்மதிப்பீட்டின் முறையை இந்திய அரசு ஏற்கவில்லை. எந்த எண் சரி என்பது புள்ளியியலார் தீர்க்கவேண்டியது. மூடிவைக்கப்பட்டோர் உளரா என்று கேட்பதோ 21ஆம் வசனத்தை வாசிக்கும் சபையின் கடமை.

4. பூட்டுமுன் வீட்டை ஒழித்துவிடுதல்

அவ்வாறாயின் பூட்டுதலே தவறா? திருமறை அவ்வாறு கூறவில்லை. பூட்டுதலைப்பற்றிய தெளிவான சட்டம் லேவியராகமம் 13, 14 அதிகாரங்களில் உண்டு. அங்குப் பேசப்படும் தோல்நோயும் வீட்டுச் சுவரின் கறையும் இக்காலத் தொற்றுநோய்கள் அல்ல என்பதையும், அவ்வதிகாரங்கள் உடல்நலக் கையேடு அல்ல என்பதையும் நம் வாசகர்கள் அறிவர். நாம் அங்கு மருத்துவத்தைத் தேடவில்லை. பூட்டும் அதிகாரம் எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்னும் ஒழுங்கையே தேடுகிறோம்.

அவ்வொழுங்கில் மூன்று கூறுகள் உள்ளன. 14:36இல், ஆசாரியன் வீட்டைப் பார்வையிட நுழையுமுன், வீட்டிலுள்ள யாவும் தீட்டாகிவிடாதபடி வீட்டை ஒழித்துவைக்கக் கட்டளையிடவேண்டும் எனக் கூறப்படுகிறது. முதலில் பொருளை வெளியேற்ற நேரம், பின்பே ஆய்வு, அதன்பின்பே பூட்டு. வீட்டுக்காரனின் பானையும் பாயும் காக்கப்படவேண்டும் என்னும் அக்கறை சட்டத்தின் வரிசையிலேயே பொதிந்துள்ளது. இரண்டாவது, ஏழுநாள். ஏழாம் நாளில் ஆசாரியன் தானே திரும்பிவந்து பார்க்கவேண்டும். பூட்டியவனே திறக்கவும் கடமைப்பட்டவன். மூன்றாவது, 14:21இல் ஏழைக்கு விலக்கு. அவனால் இயன்றதையே கொண்டுவரலாம். முன்னறிவிப்பு, மீள்பார்வை, ஏழைக்கு இசைவு ஆகிய மூன்றுமே காலத்தோடு தொடர்புடையவை.

இவ்வளவுகோலை நம் ஆணைகளின்மேல் வைத்துப் பார்ப்போம். 2020 மார்ச் 24இல் வீட்டை ஒழிக்க நேரமே தரப்படவில்லை. நேரம் குறைவாயின் என்ன நேரும் என்பதை அடுத்த மாதமும் காட்டிற்று. சென்னை, கோவை, மதுரை மாநகரங்களில் ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களும், சேலம், திருப்பூரில் மூன்று நாட்களும் முழு ஊரடங்கு என்று ஏப்ரல் 24இல் அறிவிக்கப்பட்டது. இடையில் இருந்த 25ஆம் நாளில் சந்தைகளில் மக்கள் திரண்டனர். இடைவெளி காக்கவேண்டும் என்பதற்காகப் பிறந்த ஆணையே இடைவெளியைக் கெடுத்தது. 2021 மே 24 முதல் தளர்வற்ற ஊரடங்கு என மே 22இல் அறிவித்து, அன்றும் மறுநாளும் கடைகளைத் திறந்துவைத்தபோதும் கூட்டம் நிறைந்தது. எனினும் வெளியூரில் சிக்கியோர் வீடு திரும்பப் பேருந்தும் இயக்கப்பட்டதால், முந்தைய ஆண்டின் பாடம் ஓரளவு கற்கப்பட்டது எனலாம். முன்னறிவித்தலும் கூட்டத்தைப் பெருக்கும் என்ற அரசின் அச்சம் பொருளற்றதன்று. ஆனால் அதற்கு மாற்று, அறிவிக்காது பூட்டுதல் அன்று. பொருள் கிடைக்கும் என்ற நம்பிக்கையை முதலில் தருதலே. ஒழித்துவைக்க நேரமும், ஒழித்ததை வைக்க இடமும் உள்ளவன் ஓடமாட்டான்.

பூட்டும் அதிகாரம் பார்வையிடும் அதிகாரமேயன்றி அடிக்கும் அதிகாரமன்று என்பதையும் இவ்வதிகாரங்களிலிருந்து கற்கிறோம். 2020 ஜூன் 19ஆம் நாள் சாத்தான்குளத்தில், அனுமதித்த நேரம் கடந்தும் செல்பேசிக் கடையைத் திறந்துவைத்திருந்தனர் எனக் கூறித் தந்தையும் மகனும் காவலர்களால் பிடிக்கப்பட்டனர். 22, 23 ஆகிய நாட்களில் அவ்விருவரும் அடுத்தடுத்து இறந்தனர். காவலர்கள்மீது கொலைக்குற்றம் சாட்டப்பட்டது. கடையடைக்கும் நேரத்தைப் பற்றியதாகத் தொடங்கிய ஒரு பேச்சு இரு உயிர்களின் முடிவாயிற்று. நேரத்தைக் காக்கும் சட்டம் ஆளைக் காக்கத் தவறினால், ஓய்வுநாள் மனிதனுக்காக என்னும் ஆண்டவரின் போதனை (மாற்கு 2:27) அதற்கும் பொருந்தும்.

2020இல் நடைமுறைக்கு வந்த சட்டங்களுள் ஒன்று 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம் என்பதும் நினைக்கத்தக்கது. பம்பாய்ப் பகுதியில் பிளேக் பரவியபோது ஆங்கில அரசு அதனை இயற்றியது. பூனாவில் படைவீரர் வீடுகளில் புகுந்து நடத்திய சோதனைகள் மக்களைக் கொதிப்படையச் செய்தன. அவ்வாண்டு ஜூன் 22இல் பிளேக் அலுவலர் ராண்டு சுடப்பட்டார். அவ்வன்முறையை நாம் ஏற்கவில்லை. ஆயினும் மக்களின் இசைவைப் பெறாத நோய்த்தடுப்பு, நோயை அஞ்சுவதினும் மிகுதியாய் அரசை அஞ்சும்படி மக்களைச் செய்துவிடும் என்பது 123 ஆண்டுகளுக்கு முன்னரே கற்றிருக்கவேண்டிய பாடம்.

5. மறுப்புகள் சில

நம் கருத்துக்கு மறுப்பு உண்டு. நோயின் தன்மையே அறியப்படாத நாளில், மருந்தும் தடுப்பூசியும் இல்லாத நிலையில், விரைந்து பூட்டுவதன்றி வேறு வழி யாது? தயங்கியிருந்தால் மேலும் பலர் மாண்டிருக்கமாட்டார்களா? இம்மறுப்பு வலிமையுடையது. 2021ஆம் ஆண்டின் தாமதத்தை அறிந்த எவரும் இதனைப் புறந்தள்ள இயலாது. நாம் விரைவைக் குறைகூறவில்லை. விரைவின் விலையை யார் செலுத்தினர் என்று கேட்கிறோம். விரைந்து பூட்டியே ஆகவேண்டுமெனில், உணவும் ஊர்தியும் அதே விரைவில் செல்லவேண்டும். தொழிலாளருக்கான சிறப்புத் தொடர்வண்டிகள் மே முதல் நாளில்தான் புறப்பட்டன. பூட்டு நான்கு மணி நேரத்தில் வந்தது. வண்டி ஐந்து வாரங்கள் கழித்து வந்தது. குறை இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தூரத்தில் உள்ளது.

மற்றொரு மறுப்பு நம் சபைக்குள்ளிருந்தே எழுவது. ஆலயங்களை மூடியதே விசுவாசக் குறைவு என்பர் சிலர். இவர்களுக்கு லூத்தர் 1527ஆம் ஆண்டில் விடையளித்துவிட்டார். விட்டன்பர்கில் கொள்ளைநோய் பரவிப் பல்கலைக்கழகம் யேனாவுக்கு மாற்றப்பட்டபோதும் அவர் ஊரைவிட்டு அகலவில்லை. பிரெஸ்லாவிலிருந்த ஆயர் எஸ் என்பாருக்கு எழுதிய திறந்த மடலில், மருந்தையும் எச்சரிக்கையையும் இகழ்ந்து துணிவு காட்டுவோரை இறைவனைச் சோதிப்போர் எனக் கண்டிக்கிறார். அயலானைக் கைவிட்டு ஓடுவோரையும் கண்டிக்கிறார். அவரது அளவுகோல் ஓடுவதா நிற்பதா என்பது அன்று. நான் செய்வதால் அயலான் நலம் பெறுகிறானா, கைவிடப்படுகிறானா என்பதே. ஆலயத்தை மூடியது இவ்வளவுகோலில் தவறன்று. மூடிய ஆலயத்தின் சமையற்கூடத்தையும் மூடிவைத்திருந்தால் அதுவே தவறு.

இங்கு நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய வினா ஒன்றுண்டு. 2022 ஜனவரியில் வெள்ளி, சனி, ஞாயிறு நாட்களில் வழிபாட்டிடங்கள் மூடப்பட்டபோது நம் சபைகளில் எழுந்த முறையீட்டில் பாதியளவேனும், 2020 மார்ச்சில் சாலையில் நின்றோருக்காக எழுந்ததா? நம்முடைய ஞாயிறு பறிபோனபோது காலத்தின் அருமையை அறிந்தோம். கூலிக்காரனின் திங்களும் செவ்வாயும் பறிபோனபோது பொறுமையைப் போதித்தோம்.

அச்சத்தால் ஆளப்பட்ட பொதுக்கருத்து எவ்வளவு கொடியதாகக்கூடும் என்பதையும் நாம் கண்டோம். 2020 ஏப்ரல் 19ஆம் நாள் கொரோனாவால் இறந்த சென்னை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அவர்களின் உடலை அடக்கம் செய்யவிடாது ஒரு கூட்டம் கல்லெறிந்து துரத்தியது. உடன் பணியாற்றிய மருத்துவரும் ஊழியர் சிலரும் இரவில் வேலங்காடு இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். அவரது உடலைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத்தோட்டத்திற்கு மாற்ற அவர்தம் மனைவியார் நீதிமன்றம் சென்று அடுத்த ஆண்டில்தான் இசைவு பெற்றார். கைதட்டிய கைகளே கல்லெடுத்தன என்று கூறுவது மிகையாகலாம். ஆயினும் மருத்துவரைப் போற்றிய கருத்தும் அவரைப் புதைக்கவிடாத கருத்தும் ஒரே மாநகரில், ஒரு மாத இடைவெளியில் நிலவின. பொதுக்கருத்தை மக்களின் குரல் எனக் கேட்கவேண்டும். இறைவனின் குரல் என வணங்கலாகாது.

முடிவுரை

மீண்டும் ஒரு கொள்ளைநோய் வராது என எவரும் உறுதி கூறவியலாது. அப்போதும் கதவுகள் மூடப்படலாம், மூடப்படவேண்டியும் இருக்கலாம். அன்று ஆயர்களிடமும் இறையியல் மாணாக்கரிடமும் அருளுரை கேட்கப்படும். அதற்கு முன்னேற்பாடாக மூன்றினைப் பரிந்துரைக்கிறோம்.

ஏசாயா 26:20ஐ வாசிக்கும் எவரும் 21ஐயும் வாசிக்கட்டும். ஒவ்வொரு சபையும் தன் எல்லைக்குள் பண்டகசாலை இல்லாத உள்ளறைகள் எத்தனை என்பதை நோயற்ற காலத்திலேயே அறிந்துவைக்கட்டும். வாழைத்தோட்டத்திலும் கொடிக்காலிலும் கோழிப்பண்ணையிலும் நாட்கூலி பெறுவோர் யாவர், வெளிமாநிலத்தில் உழைப்போர் யாவர், லாரியில் சென்றிருப்போர் யாவர் என்னும் பட்டியல் ஆயரின் கையில் இருக்கட்டும். மேலும், ஊரடங்கு முந்தியதா பிந்தியதா என்று தேநீர்க்கடையில் வினவப்படும்போது, யாருக்கு என்று திருப்பிக் கேட்கும் பழக்கத்தைச் சபையார்க்குக் கற்பிப்போமாக.

ஆண்டவர் கூறிய திராட்சத்தோட்ட உவமையில், பதினோராம் மணிவேளையிலும் சந்தைவெளியில் நின்றவர்கள், தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்றனர். தோட்டத்து முதலாளி அவர்களுடைய நேரத்தைத் தம் கடிகாரத்தால் அளக்கவில்லை. அவர்களுடைய வீட்டு அடுப்பால் அளந்தார். முழு நாள் உழைத்தவர்கள் முறுமுறுத்தனர். அம்முறுமுறுப்பே அவ்வூரின் பொதுக்கருத்தாய் இருந்திருக்கும். திருச்சபை எவர் பக்கம் நின்று நேரத்தைப் பார்க்கப்போகிறது என்பதற்கு, அடுத்த பூட்டு விழுமுன்னரே நாம் விடைகூறக் கடமைப்பட்டிருக்கிறோம்.